ஓனர் வெளியே போயிருக்கிறார்

“ஓனர் இல்லீங்க, வெளிய போயிருக்காங்க” என்று சொல்லி, அதைக் கேட்டு ஆடு மேய்த்து வந்த கீதாரி தலையாட்டிவிட்டுத் திரும்பி, அவர் பின்னால் செம்மறிக் கூட்டம் முழுவதும் மேற்கே மூக்கைத் திருப்பிக்கொண்ட பிறகுதான் ஞானசௌந்தரிக்கு உறைத்தது, இந்தக் காட்டுக்கு ஓனர் என்று ஒருவர் உண்டென்றால் அது அவள்தான் என்று. கையில் காப்பி டம்ளர். வாசற்படியில் நின்றது நின்றபடி நின்றாள். அவர் கேட்டது ஒன்றும் கஷ்டமான கேள்வி இல்லை. தோளில் கம்பைக் குறுக்கே போட்டு, இரண்டு கைகளையும் அதில் தொங்கவிட்டுக்கொண்டு, “ஏந்தாயி, ஒடையவுக இருக்காகளா? கிடை போடச் சொன்னாகன்னு முத்துராக்கு சொல்லுச்சு” என்றார். அவ்வளவுதான். அதற்கு இந்த வாய் இப்படியா பதில் சொல்லும்? மதுரையில் வில்லாபுரம் வீட்டு மாடியில் குடியிருந்த காலத்தில் கரண்டு கணக்கெடுக்கிறவர், கேபிள்காரர், கோயில் வசூலுக்கு வருகிறவர்கள், யார் வந்து கீழ் வீட்டு மணியை அடித்துவிட்டு அண்ணாந்து பார்த்தாலும் இவள்தான் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து இதே வார்த்தையை இதே ராகத்தில் சொல்வாள். அது லாரியில் பீரோவோடும் கட்டிலோடும் சேர்ந்து இங்கே வந்து இறங்கியிருக்கிறது. யாரும் அதைக் கட்டி ஏற்றவில்லை, கரப்பான்பூச்சி மாதிரி தானாக ஏறிக்கொண்டது. அந்த மனிதர் பாவம், நம்பிவிட்டார். “அப்பச் சரித்தா, ஒடையவுக வாயால சொல்லாம நாங்க பட்டி போடுறதில்ல. பெறகு யாரக் கேட்டு அடச்சீகன்னு சண்டைக்கு வருவாக. மேக்க கல்குளம் பாத்துப் போறோம், பொழுது சாயிறதுக்குள்ள எடம் பிடிக்கணும்” என்று காரணத்தையும் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். காவலுக்கு வைத்திருக்கிற பொம்பளை என்று நினைத்திருப்பார். நினைக்காமல் என்ன செய்வார், அவளே அப்படித்தானே நின்றாள், கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டு.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் போகிறார்கள். கூப்பிட வேண்டியதுதானே. கூப்பிட்டு என்னவென்று சொல்வது, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றா? ஊர் பேர் தப்பாகச் சொல்லலாம், கிழமை தப்பாகச் சொல்லலாம், நான் யார் என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு ஆட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது. சொன்னால் சிரிப்பார். கல்குளம் வரைக்கும் சிரித்துக்கொண்டே போவார். போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று காப்பியை ஒரு வாய் குடித்தாள், ஆறிப்போயிருந்தது. இந்த மழைக்கு முன்னால் அடுத்த தடவை என்று ஒன்று கிடையாது என்பதுதான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே. பக்கத்துப் புஞ்சைக்காரி முத்துராக்கு படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “சிஸ்டரு, சீமக்கருவேல இத்தன வருசம் நின்ன மண்ணு, செத்த மண்ணு. ராத்திரி ஆட்ட அடச்சு, புழுக்கையும் மூத்திரமும் எறங்காம நீங்க என்னத்த வெதச்சாலும் மொளைக்காது. கிடைக்காரவுக மழைக்கு முந்தி இந்தப் பக்கம் ஒருக்காத்தான் வருவாக. விட்டா, பெறகு தை அறுப்பு முடியணும்.” மண்ணுக்கும் ரத்தம் ஏற்றுகிற மாதிரி ஒரு வைத்தியம் இருக்கிறது என்று கேட்டதிலிருந்து ஞானசௌந்தரிக்கு அதுவே நினைப்பு. காலமெல்லாம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பாட்டில் மாட்டியவள் தன் மண்ணுக்கு மாட்ட ஆள் கிடைக்காதா என்று குடிவந்த நாளிலிருந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் வந்தது. வீட்டு வாசலில் வந்து நின்றது. ஓனர் இல்லை என்று அனுப்பிவிட்டாள்.

ஆனாலும் மண் அவளுடையதுதான். அதைக் கண்ணால் ஒரு சுற்று பார்த்துக்கொண்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறும் என்று பார்த்தாள். பொக்லைன் வைத்து முன்பகுதியை மட்டும்தான் வெட்டிச் சுத்தம் செய்திருந்தது. பிடுங்கிய தூர்கள் ஒரு பக்கம் மலையாகக் கிடந்தன, பிடுங்கிய இடங்களில் எல்லாம் சிவப்புக் குழிகள். அதற்கு அப்பால் இன்னும் வெட்டாத கருவேலங்காடு, மனிதர் நுழைய முடியாத பச்சை. விற்றவரே கிரயம் முடிந்த பிறகு மனசு கேளாமல், “இதை வச்சு என்னம்மா செய்யப் போறீங்க” என்று கேட்டார். என்ன செய்வது என்று அவளுக்கும் அப்போது தெரியாது, இருக்கப் போகிறேன் என்றாள். இருப்பது என்பதே ஒரு பெரிய வேலை என்று அவருக்கு எப்படித் தெரியும், அவர் சொந்த வீட்டில் பிறந்தவர். ஓரத்தில் ஒரு கரையான் புற்று இருந்தது, அதுவும் அவளுடையது. காலையில் குஞ்சுகளை இழுத்துக்கொண்டு ஓடிய கௌதாரியைக் கூடத் தன் கௌதாரி என்றே முத்துராக்குவிடம் சொன்னாள், முத்துராக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். பத்திரப் பதிவன்று, “வாங்குறவங்க முன்னால வாங்க” என்று குமாஸ்தா கூப்பிட்டபோது இவள் திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தாள். அன்றைக்கே இந்த லட்சணம். அன்று அவளே நினைத்து நினைத்துச் சிரித்தாள், இன்று சிரிப்பு வரவில்லை. ஆடுகள் காட்டு மூலையைத் தாண்டிக்கொண்டிருந்தன. முதுகுகள் மறைந்து செம்மண் தூசி மட்டும் தெரிந்தது.

டம்ளரைக் கழுவி வைக்க உள்ளே வந்தால் திரு இருதய ஆண்டவர் தரையில் உட்கார்ந்திருந்தார். காலையில்தான் படத்தைச் சுவரில் ஒட்டினாள். ஆமாம், ஒட்டினாள், இரண்டு பக்கமும் பசை உள்ள டேப்பைக் கத்தரித்து நாலு மூலையிலும் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, மனசுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லும் நேரம் அப்படியே பிடித்து, எல்லாம் பழக்கப்படி. சுண்ணாம்பு கூட அடிக்காத புதுச் சிமெண்டுச் சுவரில் அது எத்தனை நேரம் நிற்கும். மதுரையில் முதலில் வாடகைக்கு இருந்த அரசரடி வீட்டில் குடியேறிய அன்றைக்கே அந்த வீட்டு அம்மா வந்து சுவரைத் தடவிக் காட்டி, “ஆணி மட்டும் அடிச்சிராதம்மா, என் நெஞ்சுல அடிச்ச மாதிரி இருக்கும்” என்றாள். ஞானசௌந்தரி காலண்டரை ஜன்னல் கம்பியில் கட்டினாள். அதற்கு அடுத்துக் குடிபோன வீட்டின் ஓனருக்கு நெஞ்சு பலமானது, ஆனால் ராத்திரி வந்து யார் யார் வந்து போனார்கள் என்று கேட்பார். கல்யாணம் ஆகாத நர்ஸ் என்றால் ஊருக்கே அவள் மேல் ஒரு மேற்பார்வை உண்டு. வில்லாபுரத்தில் கீழ் வீட்டு ஓனர், வாத்தியார், நல்லவர்தான், அவர் மனைவிக்குத்தான் காது கூர்மை. அம்மிச் சத்தம் கேட்கிறது, கட்டில் நகர்த்துகிற சத்தம் கேட்கிறது, நடக்கிற சத்தம் கூடத் தலைக்குள் கேட்கிறது என்பாள். அதிலிருந்துதான் நுனிக்காலை ஊன்றி நடக்கிற நடை வந்தது. இப்போது கூட, கீழே யாரும் குடியில்லாத, கீழே வெறும் பூமி மட்டும் இருக்கிற இந்த வீட்டில், வாசலிலிருந்து உள்ளே வந்தபோது குதிகால் தரையில் படவில்லை. அதைக் கவனித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம், கடைசியில் குதிகால் மேலேயே வந்தது. வேண்டுமென்றே ஒரு தடவை ஓங்கி மிதித்தாள். வலித்ததுதான் மிச்சம், பூமி ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

போகலாம். இப்போது கிளம்பினாலும் பிடித்துவிடலாம். பாதை வழியாகப் போனால் சுற்று, வெட்டிப்போட்ட இடத்தின் குறுக்கே போனால் கிட்டம். குறுக்கே என்றால் தூர்களுக்கு நடுவே போக வேண்டும், தூர்களுக்கு நடுவே என்ன படுத்திருக்கும் என்று வார்டில் வேலை பார்த்தவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலம் தொடங்கினால் இந்தப் பக்கத்து ஆட்கள்தான் வரிசையாக வருவார்கள், வேட்டியைக் கிழித்துக் கணுக்காலில் கட்டிக்கொண்டு. கூட வந்தவன் கையில் ஒரு மஞ்சள் பை இருக்கும், அதற்குள் அடித்துக் கொன்ற பாம்பு, டாக்டருக்குக் காட்ட. ஒரு தடவை பையில் இருந்தது முழுசாகச் சாகவில்லை. அந்த வார்டே கட்டில் மேல் ஏறி நின்றது, இவள் மட்டும் பெட்பானைக் கவிழ்த்து அதை மூடிவிட்டு அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, “ஆள் வரும் வரைக்கும் யாரும் கத்தக் கூடாது” என்று சத்தம் போட்டாள். எல்லோரும் வாயை மூடினார்கள். அந்தச் சத்தம் எங்கே போயிற்று? பார்வையாளர் நேரம் முடிந்தால் அவள் ஒரு குரல் கொடுப்பாள், வராந்தா முழுக்கக் காலியாகும். சாயங்காலம் அதே பஸ்ஸில் ஏறி, அதே மாடிப்படியில் நுனிக்காலால் ஏறி, அறைக்குள் போனதும் குரல் தீப்பெட்டிக்குள் போய்விடும். அந்தச் சத்தம் அவளுடையது இல்லை போலிருக்கிறது. வெள்ளை உடுப்புப் போட்ட சத்தம், சர்க்கார் சத்தம், ஓய்வு பெற்ற அன்று மாலையும் பழத்தட்டும் கொடுத்துவிட்டு அந்தச் சத்தத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்படியானால் தனக்கென்று ஒரு சத்தம் இருக்கிறதா இல்லையா. இருந்தால் அது எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டுவிரியன் பயத்தைவிட இந்தப் பயம்தான் இப்போது பெரிதாக இருந்தது.

போன் அடித்தது. தேவசகாயம், தம்பி. அவள் இங்கே குடிவந்த மூன்று நாளாக அவன் பேசுகிற முதல் வார்த்தை ஒன்றுதான். “என்னக்கா, பாம்பு கீம்பு ஒண்ணும் வரலயே?” வரவில்லை என்றாள். “சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? அங்க கடை கண்ணி ஒண்ணும் கிடையாதேக்கா. நான் அன்னைக்கே சொன்னேன். பொதருக்குள்ள போய் ஒத்தையில உக்காந்துக்கிட்டு என்னதான் பண்ணுவ? கிறிஸ்மசுக்குள்ள நீ திரும்பி வந்துருவ, எனக்குத் தெரியும்.” அவன் கெட்டவன் இல்லை. சின்ன வயதில் இவள் இடுப்பில் இருந்து இறங்க மாட்டேன் என்று அழுதவன், இப்போது அவன் தன் இடுப்பில் இவளைத் தூக்கி வைத்துக்கொள்ள நினைக்கிறான். அதில் அன்பும் இருக்கிறது, வீடு கட்டிய கர்வமும் இருக்கிறது. “நம்ம மாடி ரூம் காலியாத்தான்க்கா கெடக்கு. உன்கிட்ட என்ன வாடகையா வாங்கப்போறேன்? உன் வீடு மாதிரி இருந்துக்க” என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிடும் போல் இருந்தது. ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், கதவைச் சாத்திக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்தாள். ஆடும் வேண்டாம், மண்ணும் வேண்டாம், அங்கே தண்ணீர் வரும், கோயில் மணி கேட்கும், அவன் பிள்ளைகள் அத்தை அத்தை என்று வரும். ஆட்டுக்காரரிடமே சொந்தக்காரி என்று சொல்லத் தெரியாதவளுக்கு எதற்கு இத்தனை காடு. அப்போது அவன், மறந்துபோனதைச் சேர்த்துக்கொள்கிற குரலில், “ஒண்ணே ஒண்ணுதான்க்கா, இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கு. செவத்துல மட்டும் ஆணி கீணி அடிச்சிராத” என்றான்.

“தேவா, வாசல்ல ஆள் வந்திருக்கு, அப்புறம் பேசுறேன்” என்று போனை வைத்தாள். பொய்தான், ஆள் வாசலில் இல்லை, ஆள் போய்க்கொண்டிருந்தது. செருப்பை மாட்டினாள். மூலையில் கிடந்த கம்பை எடுத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று டார்ச்சையும் எடுத்தாள், பட்டப்பகலில் டார்ச் எதற்கு என்று திருப்பி வைத்தாள். கதவைப் பூட்டவில்லை. பூட்டாமல் வந்துவிட்டோமே என்று பாதி வழியில் நினைவு வந்தது. வந்தால் வரட்டும், திருடனும் முதலில் ஓனரைத்தானே விசாரிப்பான். கம்பால் முன்னால் தட்டித் தட்டி, தட்டுகிற சத்தத்துக்கு எதுவாக இருந்தாலும் விலகிப் போ என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டு, பிறகு கெஞ்சுவது பிடிக்காமல் விலகிப் போ என்று மட்டும் சொல்லிக்கொண்டு குறுக்கே நடந்தாள். தூருக்குள் ஏதோ சரசரத்தது. கம்பை ஓங்கினாள். ஓணான். ஓணான்தான், தலையைத் தலையை ஆட்டியது. நீ இருந்துக்கோ என்றாள் அதனிடம், உனக்கு மட்டும் இடம் உண்டு, ஆள் வந்து போனால் கேட்க மாட்டேன், ஆணி கூட அடித்துக்கொள்ளலாம். தனக்குத்தானே பேசுகிறோம் என்று தெரிந்தது, யார் கேட்கப் போகிறார்கள் என்றும் தெரிந்தது. கருவேல முள் ஒன்று ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறியது. உட்கார இடமில்லை, ஒற்றைக் காலில் நின்றபடியே பிடுங்கினாள். ரத்தம் சொட்டாகத் திரண்டு மண்ணில் விழுந்தது. மருந்து போட வேண்டும் என்று நர்ஸ் நினைத்தாள். இதுவும் இந்த மண்ணுக்குத்தான் என்று இன்னொருத்தி நினைத்தாள். அந்த இன்னொருத்தி கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தாள், ஆனால் அவளைத்தான் இப்போது ஞானசௌந்தரிக்குப் பிடித்தது.

மேற்கு எல்லைக் கல் வந்ததும் நின்றாள். வெள்ளையடித்த குட்டைக் கல். அதற்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவருடைய தரிசு. ஆடுகள் தரிசின் மறுகோடியில் ஒரு கண்மாய்க் கரைமேல் ஏறிக்கொண்டிருந்தன. கரையில் ஏறி இறங்கிவிட்டால் அவ்வளவுதான். இனி ஓடினாலும் பிடிக்க முடியாது, காலிலும் ரத்தம். அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் கால் வைக்கலாமா என்று அந்த நேரத்திலும் ஒரு புத்தி வந்தது. கால் வைக்க வேண்டியதில்லை. இந்தப் பக்கத்தில் நின்றே கூப்பிடலாம், இது அவள் இடம், இங்கே நின்று அவள் என்ன செய்தாலும் கேட்க ஆள் இல்லை. வாயைத் திறந்தாள். “கீதாரி” என்று வந்தது, பக்கத்துப் படுக்கை நோயாளி தூங்குகிறார் என்பது போல. இருமினாள். குதிகால் இரண்டும் உயர்ந்து நின்றன, இறக்கினாள், முள் குத்திய கால் சுரீரென்றது. அந்த வலியோடு சேர்ந்து அது வந்தது. “ஏ... கீதாரியே... நில்லுங்கய்யா...” வார்டுக் குரல் இல்லை. அதைவிடக் கரகரப்பு, அதைவிட நீளம், கடைசியில் கொஞ்சம் உடைந்தும் போயிற்று. அழகான குரல் என்று சொல்ல முடியாது. கருவேலங்காட்டிலிருந்து கொக்குகள் மொத்தமாக எழும்பின. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. யாரும் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கவில்லை, யாருக்கும் தலைவலி வரவில்லை. கூப்பிட்டது நானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்ததால், சரிபார்க்க இன்னொரு தடவை கூப்பிட்டாள். இரண்டாவது தடவை உடையவில்லை.

கரைமேல் கீதாரியின் கம்பு நின்றது, திரும்பியது. அவர் வருகிற நேரத்துக்குள் அவள் என்னென்னவோ யோசித்தாள். கேட்டது சரியாக விளங்கவில்லை என்று சொல்லலாம், பட்டணத்திலிருந்து அண்ணன் இப்போதுதான் போன் செய்து போடச் சொன்னார் என்று கூடச் சொல்லலாம், இல்லாத அண்ணன், மானம் போகாது. அவர் கிட்டே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “என்னத்தா, ஒடையவுக வந்துட்டாகளா?” என்றார்.

“வந்தாச்சு” என்றாள்.

அவர் அவள் தோளுக்கு மேலாக வீட்டுப் பக்கம் பார்த்தார். “எங்க?”

“நாந்தான்.”

கீதாரி அவளை நிதானமாகப் பார்த்தார். நரைத்த தலை, ரத்தக் கால், கையில் கம்பு. “அப்பயும் நீங்கதான நின்னீக?”

“நாந்தான் நின்னேன். வாடகை வீட்டுலயே இருந்து இருந்து, வாய் அப்படிச் சொல்லிருச்சு.”

சிரிப்பார் என்று காத்திருந்தாள். அவர் சிரிக்கத்தான் செய்தார், ஆனால் அவள் பயந்த சிரிப்பு இல்லை. “நாங்க பொறந்ததுல இருந்து அடுத்தவுக காட்டுலதான் படுக்குறோம். எங்க வாய்க்கும் அப்படித்தான் பழக்கம்” என்றார். பிறகு விரலை மடக்கி வாயில் வைத்து ஒரு சீழ்க்கை அடித்தார். கரைமேல் இருந்த தூசி அப்படியே திரும்பியது.

இடம் காட்ட வேண்டும் என்றார். கிடை எங்கே அடைப்பது என்று உடையவர்தான் நடந்து காட்ட வேண்டுமாம், அது முறையாம். ஞானசௌந்தரி முன்னால் நடந்தாள், அவர் பின்னால் வந்தார், ஆடுகள் அவர் பின்னால் வந்தன. மந்தை முழுவதும் தன் பின்னால் வருவது திரும்பிப் பார்க்காமலே முதுகுக்குத் தெரிந்தது. இங்கேயா, அங்கேயா என்று இரண்டு இடத்தில் நின்று பார்த்தாள், உண்மையில் அவளுக்கு எல்லா இடமும் ஒன்றுதான், ஆனால் சும்மா சொல்லிவிட மனசில்லை. கடைசியில் தூர் பிடுங்கிய குழிகள் அதிகமாக இருக்கிற, மண் ரொம்பவும் வெளிறிப்போன ஒரு பாகத்தைக் காட்டினாள். அங்கேதான் நோய் முற்றியிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. “நல்ல எடந்தான்” என்றார் கீதாரி. முதுகில் சுமந்து வந்த பட்டி வலைக்கட்டை இறக்கினார், வலை கட்டும் முளைக்குச்சிகளைப் பிரித்துப் போட்டார், குனிந்து ஒரு கல்லைத் தேடி எடுத்தார். பொழுது மேற்கே கருவேல மரங்களின் தலையில் உட்கார்ந்திருந்தது. வீட்டுச் சுவர் அந்த வெளிச்சத்தில் தங்கம் பூசின மாதிரி இருந்தது, உள்ளே ஆண்டவர் தரையில் உட்கார்ந்து காத்திருப்பது நினைவுக்கு வந்தது. இருங்க, உங்களுக்கும் இன்றைக்கே ஒரு வழி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

கீதாரி முதல் முளையை மண்ணில் நிறுத்திப் பிடித்தார். கல்லை ஓங்கியவர், ஓங்கிய கையோடு நிறுத்தி, அவளை நிமிர்ந்து பார்த்தார். “இங்கன அடிச்சுக்கிறலாமாத்தா?”

அரசரடி அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து போனாள். வாத்தியார் மனைவி காதைத் தீட்டிக்கொண்டு வந்து போனாள். தேவாவின் புதுப் பெயிண்ட் வந்து போயிற்று. ஞானசௌந்தரி இரண்டு குதிகாலையும் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

“அடிங்க” என்றாள். “நல்லாச் சத்தம் கேக்க அடிங்க.”